ரோட்டிலிருந்து எத்தனை அடி தள்ளிச் சுடலாம்?

முன்னோர்களுக்கான படைப்புக்காக ஊருக்கு வந்திருந்த என் அக்கா மகன் இராத்திரி பத்தரை மணிக்குத் திண்ணையில் என்னோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது கண்மாய்ப் பக்கமிருந்து இரண்டு வெடிச்சத்தம் கேட்டது. கல்யாண வீட்டு வேட்டு என்றுதான் முதலில் நினைத்தான். "வேட்டு இல்லப்பா, முயலுக்குச் சுடுறாய்ங்க" என்றேன். அவன் பென்சில்வேனியாவில் ஏழு வருஷமாக இருக்கிறான், கூட வேலை பார்ப்பவர்கள் மான் வேட்டைக்குப் போவதையும் பார்த்திருக்கிறான். உடனே கேட்டான்: "அம்மான், கண்மாய்க் கரைமேலேயே ரோடு போகுதே, இங்க ரோட்டுலேர்ந்து எத்தனை அடி தள்ளிச் சுடணும்னு ரூல்?"

அப்படி ஒரு ரூல் நம்மிடம் கிடையாது என்றேன். அதைக் கேட்டு, அப்படியானால் எங்கே வேண்டுமானாலும் சுடலாமா என்றான். அவன் வெளிநாட்டில் இருப்பவன், அவனுக்குத் தெரியாதது தப்பில்லை. ஆனால் இதே எண்ணம் நம்மூரில் நிறையப் பேருக்கு இருக்கிறது. "காட்டுக்குள்ள போனாத்தான் ஃபாரஸ்ட்காரன் கேஸு, ரோட்டோரத்துல முயல் அடிச்சா யாரு கேக்கப் போறா" என்று டீக்கடையில் வைத்தே பேசுகிறார்கள். சட்டம் சொல்வது அதற்கு நேர் எதிரானது, அதனால்தான் இதை விளக்கமாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில் அவன் ஊர்க் கதை. வேட்டை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாடுகளில் ரோடு பெரிய விஷயம். பென்சில்வேனியாவில் வண்டியை விட்டு இறங்கி, ரோட்டில் வண்டி ஓடும் பகுதியிலிருந்து குறைந்தது 25 கெஜம், அதாவது சுமார் 23 மீட்டர் தள்ளிப் போன பிறகுதான் சுடலாம். ஆள் குடியிருக்கும் வீட்டைச் சுற்றி 150 கெஜம் பாதுகாப்பு வளையம், அதற்குள் வீட்டுக்காரர் அனுமதி இல்லாமல் வேட்டை கூடாது. கலிஃபோர்னியாவிலும் வீடுகளுக்கு அதே 150 கெஜம்தான், அதோடு பொதுச் சாலைக்குக் குறுக்கே ஆபத்தான முறையில் சுடுவது தனிக் குற்றம். இங்கிலாந்தில் 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 161-வது பிரிவு கொஞ்சம் வேறு மாதிரி. வண்டி போகும் சாலையின் நடுக்கோட்டிலிருந்து 50 அடிக்குள் நியாயமான காரணம் இல்லாமல் துப்பாக்கி வெடித்து, அதனால் சாலையில் போகிறவருக்குக் காயமோ இடையூறோ ஆபத்தோ வந்தால் குற்றம். தூரத்தை மட்டும் வைத்து அங்கே குற்றம் ஆகிவிடாது, விளைவையும் பார்க்கிறார்கள்.

இந்தத் தூரக் கணக்குக்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான்: குண்டு எங்கே போய் நிற்கும் என்று சுடுகிறவனுக்குத் தெரியாது. பறவை சுடத் தோட்டாவில் போடும் சின்ன ஈய ரவைகூட 200 மீட்டர் வரைக்கும் போய் விழும். பாயிண்ட் 22 ரைஃபிள் தோட்டா, பார்த்தால் சுண்டுவிரல் நகம் அளவுதான், ஒன்றரைக் கிலோமீட்டர் வரைக்கும் ஆபத்தானது. மண்ணிலோ மரத்திலோ பாய்ந்தால் அங்கேயே அடங்கிவிடும். தண்ணீரிலோ கல்லிலோ சாய்வாகப் பட்டால் தெறித்து வேறு திசைக்குத் திரும்பும். நம்ம பக்கத்துத் தரையை நினைத்துப் பாருங்கள், மேலே ஒரு முழம் செம்மண், கீழே செம்புறாங்கல், பல பொட்டல்களில் அந்தக் கல் மேலேயே தெரியும். கண்மாயில் தண்ணீர் கிடந்தால் அதுவும் தெறிக்க வைக்கும். போதாததற்கு நம் ரோடுகள் பல கண்மாய்க் கரைமேலேயோ கரையை ஒட்டியோ போகின்றன. கண்மாய் உள்வாயில் நிற்கிறவன் கரைப் பக்கம் பார்த்துச் சுட்டால் அந்தக் கரைதான் ரோடு.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பச்சியோடு சைக்கிளில் விடியற்காலை போய்க்கொண்டிருந்தோம். கரை ஓரத்துப் பனை ஓலையில் சடசடவென்று மழைத் தூறல் மாதிரி சத்தம். மேலே பார்த்தால் வானம் சுத்தமாக இருக்கிறது. அப்பச்சி சைக்கிளை அப்படியே சாய்த்துப் போட்டு என்னை இழுத்துக் கரைக்குக் கீழே உட்கார வைத்துவிட்டு "யார்ரா அது" என்று சத்தம் போட்டார். தாரா, அதாவது காட்டு வாத்து, சுட வந்தவர்களின் ரவைதான் ஓலையில் விழுந்திருக்கிறது. ரோட்டில் ஆள் வருவார்கள் என்று நினைக்கவில்லை என்றார்கள், அவர்கள் கெட்டவர்களும் இல்லை, தெரிந்தவர்கள்தான். அந்தச் சத்தம் இன்னமும் என் காதில் இருக்கிறது.

சரி, நம் சட்டத்துக்கு வருவோம். இங்கே ஏன் 25 கெஜம், 50 அடி என்று எழுதி வைக்கவில்லை? ஏனென்றால் அந்தத் தூரத்தைத் தாண்டிப் போனாலும் சுட அனுமதி இல்லை. வேட்டையே தடை செய்யப்பட்ட பிறகு எவ்வளவு தள்ளி நிற்பது என்ற கேள்விக்கு இடமில்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1912-ல் வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட காட்டுப்பறவை, விலங்குப் பாதுகாப்புச் சட்டம் சில மாதங்களில் சில உயிர்களை அடிக்கக் கூடாது என்ற அளவில்தான் நின்றது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போதும் லைசென்ஸ் வாங்கிச் சில விலங்குகளை வேட்டையாட வழி இருந்தது, ஆனால் எப்படிச் சுடக் கூடாது என்று 17-வது பிரிவில் ஒரு நீளமான பட்டியல் போட்டிருந்தார்கள். சக்கர வண்டியிலிருந்தோ மோட்டார் வண்டியிலிருந்தோ சுடக் கூடாது, வண்டியை வைத்து விலங்கை விரட்டக் கூடாது, தனி அனுமதி இல்லாமல் செயற்கை வெளிச்சம் போட்டோ பொழுது சாய்ந்து விடியும்வரைக்கும் உள்ள நேரத்திலோ வேட்டையாடக் கூடாது, தண்ணீர் குடிக்க வரும் துறையிலும் அதற்கு வரும் வழியிலும் பெரும்பாலும் கூடாது, அடுத்தவர் நிலத்தில் அவர் சம்மதம் இல்லாமல் கூடாது. ரோடு என்ற சொல் அதில் இல்லை. ஆனால் ஜீப்பில் உட்கார்ந்து லைட் அடித்து ரோட்டோரம் நிற்பதைச் சுடுகிற பழக்கத்தைத்தான் அந்தப் பிரிவு குறிவைத்தது என்பது வாசித்தாலே புரியும்.

1991-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது 17-வது பிரிவை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். லைசென்ஸே இல்லை என்ற பிறகு எப்படி வேட்டையாடுவது என்ற விதி எதற்கு? 9-வது பிரிவு சுருக்கமாகச் சொல்லிவிட்டது, சட்டத்தோடு சேர்ந்த அட்டவணைகளில், அதாவது விலங்குப் பட்டியல்களில், உள்ள காட்டு விலங்கு எதையும் யாரும் வேட்டையாடக் கூடாது, 11, 12-வது பிரிவுகளில் சொன்ன விதிவிலக்குகளைத் தவிர. 2022-ல் வந்த திருத்தம், 2023 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் இருப்பது, அட்டவணைகளைக் குறைத்து மாற்றி அமைத்தது. மயிலும் உடும்பும் முதல் அட்டவணையில், முயலும் கவுதாரியும் காட்டுப்பன்றியும் இரண்டாம் அட்டவணையில். முயலுக்கு மூன்று வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். மயிலுக்கோ உடும்புக்கோ குறைந்தபட்சமே மூன்று வருஷம், ஏழு வருஷம் வரை போகலாம், அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. சரணாலயத்துக்குள் வேட்டை என்றால் எந்த விலங்காக இருந்தாலும் இந்தப் பெரிய தண்டனைதான்.

வேட்டை என்ற சொல்லுக்குச் சட்டம் கொடுக்கும் அர்த்தத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும், பலர் மாட்டுவது இங்கேதான். கொல்வது மட்டும் வேட்டை இல்லை. பிடிப்பது, விரட்டுவது, கண்ணி வைப்பது, இரை போட்டு இழுப்பது, காயப்படுத்துவது, பறவையின் கூட்டையும் முட்டையையும் சேதப்படுத்துவது எல்லாம் வேட்டை, இதற்கெல்லாம் முயற்சி செய்வதும் வேட்டை. சுட்டுத் தவறிப்போனாலும் வேட்டைதான். கையில் இருப்பது நாட்டுத் துப்பாக்கியா, ஏர் கன்னா, கவட்டையா என்பது குற்றத்தை மாற்றாது. ஏர் கன்னில் சின்ன வகைகளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது உண்மை, அதை வைத்துத் தகர டப்பாவைக் குறிபார்த்துச் சுடலாம், கவுதாரியைச் சுட முடியாது. அப்புறம், சொந்தப் பட்டா நிலம் என்ற வாதமும் நிற்காது. நிலம் உங்களுடையதாக இருக்கலாம், அதில் ஓடும் முயல் உங்களுடையது ஆகாது.

இனி ரோடு. வனவிலங்குச் சட்டத்தில் ரோடு இல்லை என்றாலும் துப்பாக்கிச் சட்டத்தில் வேறு பெயரில் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள், பொது இடத்தில் துப்பாக்கியைச் சுழற்றிக் காட்டுவதையும் வெடிப்பதையும், வெற்றுத் தோட்டா போட்டு வெடிப்பதைக்கூட, தடை செய்கின்றன. பொதுச் சாலை பொது இடம்தான். ஆக, லைசென்ஸ் உள்ள துப்பாக்கியை வைத்து, எந்த விலங்கையும் குறிவைக்காமல், ரோட்டில் நின்று வானத்தைப் பார்த்துச் சுட்டாலே விதி மீறல். 2019-ல் ஆயுதச் சட்டத்தில் சேர்த்த ஒரு பிரிவு இன்னும் நேரடியானது. கவனக்குறைவாகவோ கொண்டாட்டத்துக்காகவோ சுட்டு மற்றவர் உயிருக்கும் பாதுகாப்புக்கும் ஆபத்து உண்டாக்கினால் இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி என்றால் அதை வைத்திருப்பதற்கே குறைந்தது இரண்டு வருஷம், ஐந்து வருஷம் வரை. ரவை யார்மீதாவது பட்டுவிட்டால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-வது பிரிவு, செத்துவிட்டால் கவனக்குறைவால் மரணம் என்று 106-வது பிரிவு, ஐந்து வருஷம் வரை. ஒரே ஒரு வெடிக்கு இத்தனை வழக்கும் சேர்ந்து வரலாம்.

நம்ம பக்கம் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி பெரும்பாலும் பழைய வீட்டு இரட்டைக்குழல், இல்லையென்றால் பயிர்க் காவலுக்கு என்று வாங்கிய, வாய் வழியாக மருந்து கிட்டிக்கும் துப்பாக்கி. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவே பயிர்க் காவலைச் சொல்லித்தான் அந்த லைசென்ஸைத் தரச் சொல்கிறது. இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. பயிர்க் காவல் துப்பாக்கி என்றால் பயிருக்கு வரும் விலங்கைச் சுடும் உரிமை என்று விவசாயி நினைக்கிறார், அப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் ஆயுதச் சட்டம் தருவது துப்பாக்கியை வைத்திருக்கும் உரிமை மட்டும். விலங்கைச் சுடுவதற்கு அனுமதி வனவிலங்குச் சட்டத்தின் 11-வது பிரிவு வழியாகத்தான் வர வேண்டும். மனித உயிருக்கோ சொத்துக்கோ, நிற்கும் பயிருக்கோ ஆபத்து என்றால் இரண்டாம் அட்டவணை விலங்கை வேட்டையாட எழுத்து மூலம் உத்தரவு தரும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு இருக்கிறது. தன் உயிரையோ அடுத்தவர் உயிரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு கொல்ல நேர்ந்தால் மட்டும் உத்தரவு வேண்டாம்.

வண்டி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், ரோட்டு வேட்டை என்றாலே வண்டி இல்லாமல் இல்லை. ராத்திரி இரண்டு பைக்கில் நாலு பேர், ஒருத்தன் தலையில் நெற்றி லைட், வெளிச்சம் பட்டதும் முயல் கண் கூசி அப்படியே நிற்கும், நிற்கும்போது அடிப்பது. அடிபட்டது முயல் ஒன்றுதான் என்றாலும் குற்றத்துக்குப் பயன்பட்டதாகப் பறிமுதல் செய்த வண்டி, ஆயுதம், கருவி எல்லாவற்றையும் அரசின் சொத்து என்கிறது வனவிலங்குச் சட்டத்தின் 39-வது பிரிவு. வழக்கு முடியும்வரை வண்டியை இடைக்காலமாக விடுவிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சொல்லியிருக்கிறது, அதற்கும் வக்கீல், ஜாமீன், பத்திரம் என்று அலைய வேண்டும். தவணையில் எடுத்த பைக்கை இப்படி இழந்துவிட்டு மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஒரு பையனை எனக்குத் தெரியும். அவன் ஓட்டிக்கொண்டு போனவன், சுட்டவன் வேறு ஆள்.

நம் சட்டத்தில் தூரக் கணக்கே இல்லை என்று சொல்லிவிட்டேன், முழுக்க அப்படியும் இல்லை. நம் சட்டம் தூரத்தை ரோட்டிலிருந்து அளக்காமல் காட்டிலிருந்தும் சரணாலயத்திலிருந்தும் அளக்கிறது. சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது, 1977-ல் அறிவித்தது, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களும் வேட்டங்குடிக் கண்மாயும் சேர்ந்து 38 ஹெக்டேர் சொச்சம். அப்படி ஒரு சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருந்து துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும், அந்த எல்லைக்குள் புது லைசென்ஸ் கொடுப்பதற்கு முன்பே தலைமை வன உயிரினக் காப்பாளரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 34-வது பிரிவு. கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடாதவர்கள் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி, தாராவும் நாரையும் பயந்து கூட்டை விட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காகப் பல வருஷமாகத் தாங்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு அது. அந்த ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் கண்மாயில் ராத்திரி துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது என்றால் எனக்கு உண்மையிலேயே மனசு கொதிக்கிறது.

இன்னொரு தூரக் கணக்கு காட்டுப்பன்றிக்கு. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தபடி காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது, ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடலாம், மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம். சுட வேண்டியது வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள்தான், நிலத்துக்காரர் இல்லை. செய்தியைப் பாதி வாசித்துவிட்டு "பன்னிய சுடலாம்னு கவர்மெண்டே சொல்லிருச்சு" என்று சொல்கிறவர்கள் இந்தக் கடைசி வரியைக் கவனிக்க வேண்டும்.

விவசாயியின் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. கடலை போட்டவர் ஒரே ராத்திரியில் அரை ஏக்கரைப் பன்றிக்கு இழக்கிறார், நெல் பால்பிடிக்கும் சமயம் மயில் கூட்டமாக இறங்குகிறது. மனு கொடுத்து, ஆள் வந்து பார்த்து, நஷ்டஈடு கைக்கு வருவதற்குள் அடுத்த வெள்ளாமை வந்துவிடும். அந்தக் காத்திருப்பில்தான் ஒருத்தர் அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள் மறைத்த நாட்டு வெடி, வைக்கிறார், இன்னொருத்தர் வேலியில் கரண்டு விடுகிறார். துப்பாக்கியைவிட இவை இரண்டும் மோசம், ஏனென்றால் வைத்தவர் வீட்டில் தூங்கும்போது வழியில் போகிற மாடும் ஆடு மேய்க்கிற பிள்ளையும் மாட்டுகிறார்கள். பன்றியைச் சுடும் வேலையை வனத்துறையிடம் மட்டும் கொடுத்தது சரி என்றுதான் நினைக்கிறேன், ஆனால் கூப்பிட்டால் அன்றைக்கே ஆள் வருகிற மாதிரி ஏற்பாடு இல்லாமல் அந்த உத்தரவு பேப்பரில்தான் இருக்கும்.

சிவராத்திரியை ஒட்டி நடக்கும் பாரிவேட்டையையும் இதில் சேர்த்துப் பேச வேண்டும். சாமிக்காக ஊர்கூடிப் போகும் வழக்கம், பல தலைமுறை பழையது, அடித்த முயலைப் பங்கு போடுவதில் ஊர் உறவே அடங்கியிருக்கிறது. சட்டத்தில் இதற்கு விதிவிலக்கு இல்லை, அதனால்தான் அந்த நாட்களில் வனத்துறை ரோந்து வருகிறது. கோயில்களில் விஜயதசமிக்குச் சாமி குதிரையில் புறப்பட்டு அம்பு போட்டுத் திரும்புவது மாதிரி, வேட்டை இல்லாமலே வேட்டைத் திருவிழாவை நடத்த நம்மால் முடிந்திருக்கிறது. பாரிவேட்டையும் அப்படி மாறினால் சாமி குறை சொல்லாது என்பது என் நம்பிக்கை. குருவிக்காரர்கள் நிலைமை வேறு. பறவை பிடிப்பதே தொழிலாக, அதையே பெயராகவும் கொண்டிருந்த மக்களுக்கு 1972-க்குப் பிறகு அந்தத் தொழில் குற்றமானது, பழங்குடிப் பட்டியலில் அவர்கள் சேர்ந்ததோ 2023-ல்தான். தொழிலை எடுத்ததற்கும் உரிமையைக் கொடுத்ததற்கும் நடுவில் ஐம்பது வருஷம். பைக்கில் பொழுதுபோக்குக்கு வருகிறவனையும் அவர்களையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடைசியாக அக்கா மகன் கேட்ட இன்னொரு கேள்வி. ரோட்டில் வண்டியில் அடிபட்டுச் செத்துக் கிடக்கும் முயலையோ மயிலையோ எடுத்துக்கொண்டு வரலாமா, நாம்தான் கொல்லவில்லையே? அமெரிக்காவில் பல இடங்களில் அடிபட்ட மானை அனுமதிச் சீட்டு வாங்கி எடுத்துக்கொள்ளலாமாம். இங்கே முடியாது. செத்துக் கிடந்ததாக இருந்தாலும், தவறுதலாகக் கொல்லப்பட்டதாக இருந்தாலும் அந்த விலங்கு 39-வது பிரிவின்படி அரசின் சொத்து. கைக்கு வந்திருந்தால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ வனத்துறை அதிகாரியிடமோ சொல்லி ஒப்படைக்க வேண்டும். சமைத்துச் சாப்பிட்டுவிட்டால் ரோட்டில் கிடந்ததுதான் என்று எப்படி நிரூபிப்பது? காட்டு விலங்கின் கறியோ தோலோ கையில் இருந்தால் அது சட்டவிரோதமாக வைத்திருப்பது என்றுதான் 57-வது பிரிவு முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்ட வேண்டியது வைத்திருப்பவர் பொறுப்பு. அடிபட்டு உயிரோடு கிடந்தால் தொடாமல், வேறு வண்டி ஏறாதபடி ஓரமாக ஒருவர் நின்றுகொண்டு 112-க்குக் கூப்பிட்டுச் சொன்னால் போதும். மறுநாள் அவனும் நானும் கண்மாய்க் கரை வழியாக நடந்து போனபோது கரையின் கல்பாவில் இரண்டு காலித் தோட்டாக்கள் கிடந்தன. ரோட்டுத் தாரிலிருந்து எட்டு வைத்து நடந்து எண்ணிப் பார்த்தான், பதினொரு எட்டு.